இரவற் காப்பும் அதன் பக்கவிளைவும்

இராயபுரத்து ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேற்று மருத்துவமனையை அறியாதார் வடசென்னையில் அரியர். மீனவர், துறைமுகத் தொழிலாளர் இல்லத்து மகவுகள் பல ஆண்டே முதன்முதற் கண்விழிக்கின்றன. தாயின் குருதியில் ஹெபடைட்டிஸ்-பி கிருமி உளதேல், பிறப்பின்போதே அது மகவைப் பற்றக்கூடும். பற்றின், நூற்றுக்கு 90 வரை நாட்பட்ட ஈரல் நோயாய் நிலைத்துவிடும். ஆகலின் பிறந்த 12 மணி நேரத்துள் ஒரு தொடையில் தடுப்பூசியும் மற்றொன்றில் இம்யூனோகுளோபுலினும் செலுத்துதல் வேண்டும். 2018-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் இதற்கு இடஞ் செய்துள்ளது.

தடுப்பூசி, உடல் தானே காப்பை ஈட்டுமாறு பயிற்றுவது. இம்யூனோகுளோபுலினோ பிறர் குருதியினின்று பிரித்தெடுத்த எதிர்ப்பொருள். சில திங்களே நிற்கும் இரவற் காப்பு.

"பச்சிளங் குழந்தைக்கு இரண்டு ஊசியா?" எனப் பாட்டிமார் அஞ்சுதல் இயல்பே. ஆயின் அவ்வினாவிலேயே அந்த 12 மணியுங் கழிதலன்றோ பேரச்சத்திற்குரியது! குத்திய இடத்து நோவு, சிவப்பு, வீக்கம், சிறு காய்ச்சல் ஆகியனவே பெரும்பாலும் காண்பன. வளர்ந்தோர்க்குத் தலைவலியும் தசைநோவும் குமட்டலும் உண்டாகலாம். அவை சின்னாளில் நீங்கும். மூச்சுத்திணறல், முகவீக்கம், உடலெங்குந் தடிப்பு என்னும் ஒவ்வாமைக் குறிகள் மிக அரியன. தோன்றினோ, கணமுந் தாழாது மருத்துவரை அழைத்தல் வேண்டும். கொடைக்குருதியால் வேறு நோய் பற்றுமோவெனின், கொடையாளரைச் சோதித்தும் கிருமியழிக்கும் முறைகளைக் கையாண்டும் அவ்வபாயத்தைப் பெரிதுஞ் சுருக்கியுள்ளனர். அறவே இல்லையெனல் மிகையாம்.

பிறிதொன்றும் உண்டு. தட்டம்மைத் தடுப்பூசி போன்ற உயிர்க்கிருமி மருந்துகளின் பயனை இக்காப்பு குறைக்குமாதலின், மூன்று திங்கள் கழித்தே அவற்றை இடுவர். நம் நாட்டில் தட்டம்மையூசி 9 மாதம் நிரம்பிய பின்னரே இடப்பெறுதலின், மகவுக்கு இதனால் இடையூறு யாதுமில்லை.