குதிரை காணாமல் போன கதை

தர்மபுரியையும் துப்பாக்கியையும் சேர்த்துச் சொன்னால் 2004 அக்டோபர் 18 இரவு, பாப்பாரப்பட்டி, சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது என்றுதான் யாருக்கும் நினைவு ஓடும். அதைப் பலரும் எழுதியாயிற்று. நாம் இன்னும் இருநூறு வருடம் பின்னால் போவோம்.

1792 வரை இந்தப் பாராமகால் சீமை திப்பு சுல்தான் வசம் இருந்தது. ஸ்ரீரங்கப்பட்டணத்து உடன்படிக்கையில் அது கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கைமாறியது. கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ தர்மபுரியில் வந்து தங்கி நிலவரிக் கணக்கு பார்த்த காலம் அது. கம்பெனிக் குதிரை வீரனின் சேணத்து உறையில் செருகியிருந்தது சிக்கிமுக்கிக் கல் கைத்துப்பாக்கி. திப்புவின் பட்டறைகளும் அதே ரகத்தைத்தான் செய்தன, என்ன, புலி வரியும் புலி முகமும் கூடுதல் அழகு.

குழாயின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, ஈயக் குண்டைப் போட்டு, கம்பியால் கெட்டிக்க வேண்டும். பக்கத்திலுள்ள சின்னக் கிண்ணியில் ஒரு சிட்டிகை மருந்து. கல்லைக் கவ்வி நிற்கும் இரும்பு அலகுக்குத்தான் குதிரை என்று பெயர். (விசையையே குதிரை என்பவர்களும் உண்டு.) விசையை இழுத்தால் குதிரை பாய்ந்து எஃகுத் தகட்டில் கல்லை உரசும். பொறி கிண்ணியில் விழுந்து, தீ ஒரு துளை வழியே உள்ளே போகும். சில சமயம் போகாது. கிண்ணி மட்டும் குப்பென்று எரிந்து அடங்கிவிடும். மழை என்றால் கேட்கவே வேண்டாம். ஓடும் குதிரைமேல் உட்கார்ந்து மறுபடி கெட்டிப்பது நடக்கிற காரியமா? ஒரே வேட்டு, அப்புறம் வாள்தான்.

இன்றைக்கு நம் போலீசாரிடம் உள்ள 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ, மேற்கு வங்கத்து ஈஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையில் செய்தது. 1935-இல் பெல்ஜியத்தில் வந்த பிரௌனிங் ஹை-பவரின் வாரிசு. கைப்பிடிக்குள் 13 தோட்டா. ஆனால் எண்ணிக்கையில் பெரிய சூட்சுமம் இல்லை. பழைய துப்பாக்கியின் உதைப்பு, வீரனின் மணிக்கட்டை வலிக்கச் செய்ததோடு சரி. ஜான் பிரௌனிங் அந்த உதைப்பையே வேலைக்காரனாக்கினார். குண்டு முன்னால் பாயும்போது மேல்மூடியும் குழாயும் ஒன்றாகப் பின்னே நகரும். சில மில்லிமீட்டரில் குழாயின் வால் தாழ்ந்து மூடியை விட்டுவிடும். மூடி மட்டும் தொடர்ந்து போய், வெற்று உறையை வெளியே தெறிக்கவிட்டு, குதிரையை மடக்கி நிறுத்தும். சுருள்வில் அதைத் திருப்பித் தள்ளும்போது அடுத்த தோட்டா ஏறிவிடும். எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில். ஆனாலும் ஒவ்வொரு குண்டுக்கும் விரல் ஒருமுறை விசையை இழுத்தாக வேண்டும். அதனால்தான் இது அரைத் தானியங்கி.

1982-இல் ஆஸ்திரிய ராணுவம் ஏற்றுக்கொண்ட கிளாக் 17-இல் உடல் பிளாஸ்டிக், தோட்டா 17. வெளியே தெரிகிற குதிரையே கிடையாது. உள்ளுக்குள் வில்லேறிய ஊசி அந்த வேலையைச் செய்கிறது.

பழையது மியூசியத்துக்குப் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பென்னாகரம் பக்கத்துக் காட்டோர ஊர்களில் பிடிபடும் நாட்டுத்துப்பாக்கிகளில் வாய்வழி மருந்து கெட்டிக்கும் ரகம் இன்னும் உண்டு. கல் இருந்த இடத்துக்கு, அடிபட்டால் வெடிக்கும் கேப்பு வந்திருக்கிறது, குதிரை அப்படியே இருக்கிறது. உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்திருந்தால், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதுவும் குற்றம்தான்.