பாட்டுக்கும் அரைப் பேரா?

பசறைப் பக்கத் தோட்டமொன்றில், லயத்து வாசலில் உட்கார்ந்திருந்த பாட்டி ஒருவருக்கு என் தொலைபேசியில் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாடலைப் போட்டுக் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “இது நம்ம ஆளுங்க கத மாதிரி இருக்கே புள்ள, யாரு கட்டுனது?” என்றார்.

அதற்கான பதில் சென்னையில் தொடங்குகிறது. 2017இல் இயக்குநர் பா. ரஞ்சித்தும் இசையமைப்பாளர் டென்மாவும் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ என்ற சுயாதீன இசைக்குழுவை உருவாக்கினர். அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த ‘சாதிபேதமற்ற தமிழர்’ என்ற கருத்தே அந்தப் பெயருக்கு அடிப்படை. 2018 ஜனவரி 6ஆம் திகதி கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. சாவு வீட்டோடு ஒதுக்கிவைக்கப்பட்ட கானாவும் பறையும் ராக், ராப் இசையோடு அங்கே சேர்ந்து ஒலித்தன. இடஒதுக்கீட்டையும் மாட்டிறைச்சி அரசியலையும் அவர்கள் பாட்டாக்கினார்கள்.

அந்தக் குழுவில் பாடியவர்தான் அரக்கோணத்தைச் சேர்ந்த அறிவு. அவருடைய பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பின்னர் இந்தியா திரும்பியவர். 1948இல் குடியுரிமையை இழந்த மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியா ஏற்பதென 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் முடிவுசெய்தது. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1977 வன்முறைக்குப் பின் வன்னிக்குப் போன தோட்டக் குடும்பங்களோ இறுதியில் போருக்குள்ளும் அகப்பட்டன.

2021 மார்ச்சில், சந்தோஷ் நாராயணன் தயாரிப்பில், தீயும் அறிவும் பாடிய அப்பாடல் வெளிவந்தது. பல கோடிப் பேர் கேட்டார்கள். ஆனால், அதே ஆண்டு ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ அட்டையில் தீயும், யாழ்ப்பாணத்தில் பிறந்த கனேடிய ராப் கலைஞர் ஷான் வின்சென்ட் டி போலும் இருந்தார்கள். அறிவு இல்லை. ரஞ்சித் உள்ளிட்டோர் கண்டித்த பிறகே அறிவின் படத்தோடு இணைய அட்டையொன்று வந்தது.

தோட்டத்தில் ‘பேர்’ என்றால் ஒரு நாள் சம்பளம். கொழுந்து நிறை குறைந்தால் செக்ரோலில் அரைப் பேர்தான் விழும். நாள் முழுக்க மலையில் நின்றிருந்தாலும் கணக்கு அதுதான்.

அட்டைக் கதையைச் சொன்னேன். பாட்டி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

“அப்ப அந்தப் புள்ளைக்கும் அரைப் பேரு போட்டுட்டாங்கன்னு சொல்லு.”