ஓர் எண்ணும் ஓர் ஊகமும்

சிலவற்றில் மெய்யாகக் கண்டது எல்லாவற்றிலும் மெய்யாகுமோ என்னும் வினா, கணிதம் பயில்வார்க்கு மட்டுமன்றி ஆராய்ச்சி செய்வார் யாவர்க்கும் உரியது. இவ்வினாவிற்கு விடை பகரும் எண்ணொன்று உண்டு. அது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 297 என்பது. அதன் இயல்பை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ஒன்றாலும் தன்னாலுமன்றிப் பிறிதோரெண்ணால் மீதியின்றி வகுபடாததும், ஒன்றினும் பெரியதுமாகிய எண், பகா எண் எனப்படும். 2, அதன் வர்க்கம், அவ்வர்க்கத்தின் வர்க்கம் என மேன்மேலும் பெருக்கிச் செல்வோமாயின் 2, 4, 16, 256, 65,536 என்பன கிடைக்கும். ஒவ்வொன்றோடும் 1 கூட்ட வருவன 3, 5, 17, 257, 65,537. இவ்வைந்தும் பகா எண்களே. இவ்வொழுங்கைக் கண்ட பிரஞ்சு தேசத்துப் பெர்மா என்பார், இங்ஙனம் பிறக்கும் எண்கள் யாவும் பகா எண்களே என்று 1640-ஆம் ஆண்டில் கருத்துரைத்தனர். அதற்கு நிரூபணம் தம்மிடம் இல்லையென்பதையும் அவர் மறைத்தாரல்லர்.

இவ்வரிசையில் ஆறாவதாக நிற்பதே நமது எண். இஃது 641-ஆல் மீதியின்றி வகுபடும் என்பதை 1732-ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் பேரறிஞர் வெளியிட்டார், ஈவு 67,00,417. இவ்வெண்ணை வகுக்கவல்ல பகா எண் எதுவாயினும், அதனை 64-ஆல் வகுத்தால் 1 மீதியாதல் வேண்டும் என்பதையும் அவரே பின்னர் நிறுவினர். அத்தகைய பகா எண்கள் முறையே 193, 257, 449, 577, 641. ஆகவே ஐந்தாம் முயற்சியிலேயே விடை கைகூடும்.

நெடிய வகுத்தலின்றியும் இதனைத் தெளியலாம். 640 என்பது 5-ஐயும், 2-ன் ஏழாம் அடுக்கையும் பெருக்க வருவது. ஆதலின் 640-ன் நான்காம் அடுக்கு, 625-ஐயும் 2-ன் 28-ஆம் அடுக்கையும் பெருக்கியதாகும். இனி, 641 என்பது 625-உம் 16-உம் கூடியது. எனவே 641-ஐ 2-ன் 28-ஆம் அடுக்கால் பெருக்கினால், 640-ன் நான்காம் அடுக்கும் 2-ன் 32-ஆம் அடுக்கும் சேர்ந்த தொகை வரும். இத்தொகை 641-ஆல் வகுபடும் என்பது வெளிப்படை. 640-ன் வர்க்கத்தில் 1 குறைந்தது 639-ஐ 641-ஆல் பெருக்கியதாதலின், 640-ன் நான்காம் அடுக்கில் 1 குறைந்ததும் 641-ஆல் வகுபடும். முன்னதிலிருந்து பின்னதைக் கழிக்க எஞ்சுவது 2-ன் 32-ஆம் அடுக்கோடு 1. அதுவே நமது எண். ஆகவே அதுவும் 641-ஆல் வகுபடும்.

பின்வந்த அறிஞர்கள், ஆறாவது முதல் முப்பத்துமூன்றாவது வரையுள்ள இவ்வரிசை எண்கள் யாவும் பகுபடுவனவே எனக் கண்டுள்ளனர். அற்றேல், எஞ்சியன யாவும் பகுபடுவனவே எனத் துணியலாமோ? துணிதல் கூடாது. பெர்மாவின் ஊகத்திற்குச் சான்று ஐந்து. அதற்கு மாறாய இவ்வூகத்திற்குச் சான்று இருபத்தெட்டு. சான்றுகள் எத்துணைப் பெருகினும் நிரூபணம் ஆகமாட்டா. ஊகித்தலை நாம் அஞ்சவேண்டுவதில்லை. ஊகத்தை ஊகமென்றே உரைத்த பெர்மாவின் நேர்மையும், அடுத்த எண்ணைச் சோதித்த ஆய்லரின் உழைப்பும் நம்பால் அமைதல் வேண்டும்.