16.67 மில்லிநொடிக் கெடு

விழுப்புரத்துக்கும் செஞ்சிக்கும் இடையே உள்ள மண்டகப்பட்டில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கு எடுத்தது என்று அங்குள்ள ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. முகப்பில் பாறையோடு பாறையாக நிற்கும் தூண்கள், மேலும் கீழும் சதுரம், நடுவில் எண்பட்டை.

இந்த முகப்பை ஒரு கணினி விளையாட்டுக்குள் முப்பரிமாணத்தில் எழுப்பியிருப்பதாக வைத்துக்கொள்வோம். தூண்களுக்கு எதிரே நின்று மவுஸைச் சட்டென்று பக்கவாட்டில் இழுத்தால், சாதாரண 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் தூண் நடுவே அறுபட்டதுபோலத் தோன்றும். மேல்பாதி ஓரிடத்தில், கீழ்ப்பாதி சற்றுத் தள்ளி. ஆட்டக்காரர்கள் இதை ‘ஸ்க்ரீன் டியரிங்’ என்கிறார்கள். செட்டிங்ஸில் வி-சிங்க்கைப் போட்டதும் தூண் ஒட்டிக்கொள்ளும். ஆனால் 55 காட்டிக்கொண்டிருந்த எஃப்பிஎஸ், அதாவது நொடிக்கு வரையப்படும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை, திடீரென 30-க்கு இறங்கிவிடக்கூடும். படம் சீராக வேண்டுமென்று கேட்டதற்கு வேகத்தில் பாதியைப் பறிப்பது ஏன்?

கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே ஓடுவதுதான் காரணம். மானிட்டரின் கடிகாரம் மாறாதது. 60 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 60 முறை, அதாவது 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறை, திரையை மேலிருந்து கீழாக வரிவரியாகப் புதுப்பிக்கும். கிராபிக்ஸ் கார்டின் கடிகாரம் காட்சிக்குக் காட்சி மாறும். வெறும் வானத்தைப் பார்த்தால் ஒரு ஃபிரேம் 5 மில்லிநொடியில் தயாராகும். புகையும் தீயும் கூட்டமுமாக இருந்தால் 25 ஆகும். மானிட்டர் பாதித் திரையை வரைந்திருக்கும் நேரத்தில் கார்டு அடுத்த படத்தை மாற்றி வைத்தால், மேலே பழைய படம், கீழே புதிய படம். அந்த எல்லைதான் நாம் காணும் வெட்டு.

வி-சிங்க்கின் முழுப்பெயரான வெர்ட்டிகல் சிங்க் என்ற ஏற்பாடு கணினி விளையாட்டுக்காகப் பிறந்ததல்ல. அது தொலைக்காட்சியின் சொத்து. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பத் தொடங்கியபின், சாலிடேர், டயனோரா போன்ற சென்னைத் தயாரிப்புப் பெட்டிகள் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் வந்தன. அந்தக் காலத்துப் பெட்டிகளில் ‘வெர்ட்டிகல் ஹோல்டு’ என்றொரு திருகு இருக்கும். அதன் பிடி தளர்ந்தால் படம் மேலும் கீழுமாக உருளும். இந்தியாவின் 625 வரி முறையில் எலெக்ட்ரான் கற்றை நொடிக்கு 50 முறை மேலிருந்து கீழ்வரை ஓடும். ஒவ்வொரு முறையும் அடியைத் தொட்டபின் உச்சிக்குத் திரும்ப அதற்கு அவகாசம் வேண்டும். அந்த இடைவெளி 25 வரிகள், நேரத்தில் 1.6 மில்லிநொடி. ‘மேலே திரும்பு’ என்று ஒளிபரப்போடு சேர்ந்து வரும் துடிப்பே வெர்ட்டிகல் சிங்க். கற்றை போய் எல்சிடி வந்த பிறகும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அந்த இடைவெளி தொடர்கிறது. வி-சிங்க் செய்வதெல்லாம், படத்தை மாற்றுவதானால் இந்த இடைவெளியில் மட்டுமே மாற்று என்று கார்டைக் கட்டுப்படுத்துவதுதான்.

இதனால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒரு கெடு வந்துவிடுகிறது. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் முடிந்தபின் வந்து இறங்கும் நெல் மூட்டை அடுத்த ஏலம்வரை காத்துக்கிடக்க வேண்டும்; ஐந்து நிமிடத் தாமதமோ ஐந்து மணி நேரத் தாமதமோ, காத்திருப்பு காத்திருப்புதான். நொடிக்கு 55 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 18.2 மில்லிநொடி. 16.67 என்ற கெடுவை அது ஒன்றரை மில்லிநொடியில் தவறவிடுகிறது. அடுத்த வாய்ப்பு 33.3-இல்தான். படத்தை வைக்கும் நினைவக இடங்களான பஃபர்கள் இரண்டே இருந்தால், ஒன்றில் திரை காட்டும் படமும் மற்றொன்றில் காத்திருக்கும் படமும் நிறைந்துவிடும். அடுத்ததை வரைய இடமின்றிக் கார்டும் சும்மா நிற்கும். ஒவ்வொரு ஃபிரேமுக்கும் இதே கதையானால் நமக்குக் கிடைப்பது நொடிக்கு 30. இன்னும் கனமான காட்சியில் 20, பிறகு 15. இடைப்பட்ட எண்களுக்கு வழியில்லை. 144 ஹெர்ட்ஸ் மானிட்டரில் கெடு 6.94 மில்லிநொடி, அதைத் தவறவிட்டால் 72, பிறகு 48. படிகளின் இடைவெளி குறைவதால் சறுக்கல் அவ்வளவாகத் தெரியாது.

மூன்றாவது பஃபர் ஒன்றைக் கொடுத்தால் கார்டு நிற்காமல் வரையும். சராசரி மறுபடி 55-ஐ எட்டும். ஆனால் சில படங்கள் திரையில் ஒரு சுற்றும் சில படங்கள் இரண்டு சுற்றும் தங்குவதால் அசைவு லேசாகத் திக்கும். வரிசையில் படங்கள் காத்திருக்கக் காத்திருக்க, மவுஸை அசைத்ததற்கும் திரையில் அது தெரிவதற்கும் இடையே தாமதம் கூடும். துப்பாக்கிச் சண்டைப் போட்டிகளில் ஆடுபவர்கள் வெட்டைப் பொறுத்துக்கொண்டு வி-சிங்க்கை அணைத்துவைப்பது இந்தத் தாமதத்துக்காகத்தான்.

தீர்வு, கெடுவைத் தளர்த்துவதில் கிடைத்தது. கார்டு படத்தை முடிக்கும்வரை மானிட்டரே காத்திருக்கும்படி என்விடியா 2013-இல் ஜி-சிங்க்கை அறிவித்தது. 2014 தொடக்கத்தில் ஏஎம்டி ஃப்ரீசிங்க்கைக் காட்டியது. அதே ஆண்டில் வெசா அமைப்பு அடாப்டிவ்-சிங்க்கை டிஸ்ப்ளேபோர்ட் தரத்தில் சேர்த்தது. இத்தகைய மானிட்டரில் 55 என்றால் 55-ஆகவே வரும், வெட்டும் திக்கலும் இல்லாமல். கணினியே இல்லாதவர்களும் இந்தக் கெடுவின் பயனை அனுபவிக்கிறார்கள். 2012-இல் வந்த ஆண்ட்ராய்டு 4.1, திரை வரையும் வேலை முழுவதையும் வி-சிங்க் துடிப்போடு கட்டியது. விரல் தள்ளும்போது ஃபோன் திரை வழுக்கிக்கொண்டு ஓடுவதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

பழைய 60 ஹெர்ட்ஸ் மானிட்டரும் இரண்டாம் கை கார்டும் வைத்திருப்பவர் என்ன செய்யலாம்? எஃப்பிஎஸ் சராசரியை விட்டுவிட்டு, ஒரு ஃபிரேமுக்கு எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று பாருங்கள். கனமான காட்சியிலும் 16-க்குள் அடங்கினால் தயங்காமல் வி-சிங்க்கைப் போடலாம். மெனு திரைக்காகக் கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வரைந்து சூடேறுவதும் நிற்கும். விழுப்புரத்து மே மாத வெயிலில் அது சின்ன லாபமில்லை. 17, 18 என்று கெடுவுக்கு வெளியே நின்றால் முதலில் நிழல், புகை ஆகியவற்றின் தரத்தை ஒருபடி குறையுங்கள். அந்த ஒன்றரை மில்லிநொடியை மீட்டால் 30 மறுபடி 60 ஆகும். புதுக் கார்டு வாங்கவே தேவையிருக்காது. 25 மில்லிநொடியைத் தாண்டினால் வேகத்தை நொடிக்கு 30-இல் நிலையாகப் பூட்டுவது, 35-க்கும் 45-க்கும் இடையே அலைபாய்வதைவிடக் கண்ணுக்கு இதம்.

கடைகளில் விற்பனைக்காகச் சொல்லப்படும் பெரிய எண்களைவிட இந்தச் சின்னக் கணக்கு நம் பிள்ளைகளுக்கு அதிகம் கற்றுத்தரும். ஆயிரத்தை ஆட்ட வேகத்தால் வகுக்கத் தெரிந்த எட்டாம் வகுப்பு மாணவர், தன் கணினிக்கு எது போதும் என்பதைத் தானே தீர்மானித்துக்கொள்ளலாம்.