இறங்கி வரும் கேதாரநாதர்

மூட்டுவலியால் கேதார யாத்திரையைக் கைவிட்ட முதிய தம்பதியர் மன்னார்புரத்திலும் திருவரங்கத்திலும் பலர். கௌரிகுண்டத்திலிருந்து 16 கிலோமீட்டர் மலையேற்றம் எல்லோர்க்கும் இயலுவதன்று. ஆயினும் அவர்களுக்கும் தரிசனம் உண்டு. தீபாவளியை அடுத்து ஆலயம் நடைசாத்தப்பட்டதும், ஈசனின் உற்சவத் திருமேனி பல்லக்கில் உகிமட் ஓங்காரேசுவரர் ஆலயத்திற்கு எழுந்தருளுகிறது. குளிர்காலம் முழுவதும் பூஜை அங்கேதான். ஹரித்வாரிலிருந்து வேனிலேயே உகிமட் சென்றடையலாம்.

கால்வலு உள்ளவர்கள் சாரி கிராமத்திலிருந்து சற்றே ஏறினால் தேவரியாதால் ஏரியைக் காணலாம். வானம் தெளிந்திருந்தால் சௌகம்பா சிகரம் அந்நீரில் பிரதிபலிக்கும்.

வைணவ அன்பர்கள் ஜோஷிமடத்திற்கும் செல்லலாம். திருமங்கையாழ்வார் மங்களாசாசனம் செய்த திருப்பிரிதி இதுவே என்பர். நரசிம்மர் சந்நிதி இங்குள்ளது.

குளிர் கடுமையானது, பனிப்பொழிவால் பாதை அடைபடுவதும் உண்டு. எனவே மருத்துவரின் ஆலோசனையும், கம்பளி ஆடையும், கூடுதலாக இரண்டு நாள் அவகாசமும் கொண்டு புறப்படுவது நலம்.