கடன் நோட்டு

கோட்டைக்கு வரலாறு உண்டு. கொடிகட்டி ஆண்டவனுக்கும் உண்டு. கடைத்தெருவுக்கு இல்லையா, தோழர்களே?

வடசென்னைப் பட்டாளம் நான் வளர்ந்த இடம். 1876-இல் எழுந்த பக்கிங்காம் ஆலையின் மதில்தான் எங்களுக்கு எல்லை. 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும் இந்த வட்டாரத்தில்தான். பெற்றெடுத்தவர்கள் மாளிகைவாசிகளா? இல்லை! செல்வபதி செட்டியார், இராமானுஜுலு நாயுடு எனும் இரு வணிகர்கள். சோற்றுக்கு விட்ட நேரம் போதவில்லை என்ற உழைப்பாளியின் குமுறல் அவர்கள் காதில் விழுந்தது. வாடியாவை அழைத்தனர், திரு.வி.க. தோள் கொடுத்தார்.

1996-இல் ஆலை மூடப்பட்டபோது நான் சிறுவன். சங்கொலி நின்றது நினைவில் இல்லை. மூலை மளிகைக் கடையின் கடன் நோட்டு நிற்கிறது! தடித்த நோட்டு, எண்ணெய்ப் பிசுக்கேறிய அட்டை. சம்பளத்தன்று கணக்குத் தீரும். சம்பளம் நின்றது, அண்ணாச்சி நோட்டை மூடவில்லை. அரைக் கிலோ அரிசி, நூறு பருப்பு, எழுதிக்கொண்டே போனார். வட்டியில்லை, வசையுமில்லை. (கறாரான மனிதர்தான், எங்களுக்கு ஒரு கடலை மிட்டாய் ஓசியில் தந்ததில்லை!)

ஆலை நிலத்தில் படப்பிடிப்பு நடந்தது. பின்னர் அடுக்குமாடிகள் எழுந்தன. அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. அந்த நோட்டில் எத்தனை வீட்டுக் கணக்கு தீராமல் நின்றதோ, அவர் வாசலேறிக் கேட்டு யாரும் கண்டதில்லை.