இரும்பு மனிதனுக்கும் வீடு உண்டு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் இடைவிடாமல் முடிக்கும் போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். அதில் நெடுந்தூரப் போட்டியாகப் பேர் பெற்றது 'அயர்ன்மேன்'. தண்ணீரில் 3.8 கிலோமீட்டர் நீந்திக் கரையேறி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்து, பிறகு 42.2 கிலோமீட்டர் ஓட வேண்டும். பொதுவாக இதற்கு 17 மணி நேரம் தருகிறார்கள். நம் மைசூர்க் கணக்கில் சொன்னால், வெளிவட்டச் சாலையைச் சைக்கிளில் நான்கு முறைக்கு மேல் சுற்றிவிட்டு, இறங்கி அதே சாலையை ஒரு முறை ஓடியே சுற்றி வருவதற்குச் சமம்!

1978 பிப்ரவரியில் ஹவாய்த் தீவுகளில், அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் முயற்சியால் இது தொடங்கியது. அன்று கிளம்பியவர்கள் 15 பேர், முடித்தவர்கள் 12 பேர். இதன் பாதி தூரப் போட்டி 2019 அக்டோபரில் கோவாவுக்கு வந்தது. 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 113 கிலோமீட்டர். மைலில் 70.3 என்பதால் அந்த எண்ணையே பெயராக வைத்துவிட்டார்கள். எட்டரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும். 2024 அக்டோபர் 27-ஆம் தேதி நடந்த போட்டியைப் பெங்களூர் தெற்குத் தொகுதி எம்.பி. தேஜஸ்வி சூர்யா முடித்தது பத்திரிகைகளில் வந்தது. அதே போட்டியில் பத்திரிகையில் வராத ஓர் ஆளும் கலந்துகொண்டான். அவன் என் மகன்.

நான் ஓடியவன் அல்ல. ரயிலை ஓடவிட்டுப் பார்த்தவன். டிப்ளமா முடித்து ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே பணிக்காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றேன். ஆகவே உடற்பயிற்சி நுணுக்கம் எதையும் நான் சொல்லப் போவதில்லை. இந்தப் பயிற்சிக்கு வேண்டிய நேரம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பாதி தூரப் போட்டிக்கே பல மாதங்கள், வாரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் பயிற்சி தேவைப்படுகிறது. "காலையில் சீக்கிரம் எழுந்தால் நேரம் கிடைத்துவிடும்" என்கிறார்கள். கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் ஐந்து மணிக்கு ஒருவர் வெளியே போனால், அந்த நேரத்து வீட்டு வேலை எங்கும் போய்விடுவதில்லை. பால் வாங்குவது, டிபன் டப்பா கட்டுவது, குழந்தையை எழுப்பிக் குளிப்பாட்டுவது எல்லாம் இன்னொருவர் தலையில் ஏறுகின்றன. போதாக்குறைக்கு, வியர்வையில் நனைந்த துணி ஒரு மூட்டை!

எங்கள் வீட்டில் மகன் மென்பொருள் வேலையில் இருக்கிறான். மருமகள் பள்ளி ஆசிரியை. பேரனுக்கு அப்போது ஏழு வயது. பயிற்சி தொடங்கி ஆறு வாரம் ஆனபோது மருமகள் என்னிடம் சொன்னாள்: "மாமா, அவர் ஓடறது எனக்கும் சந்தோஷம்தான். ஆனா பையன் அப்பாவைப் பகல்ல பார்க்கிறதே ஞாயித்துக்கிழமைதான். அதையும் சைக்கிளுக்குக் கொடுத்துட்டா எப்படி?"

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு என் பழைய வேலையில் ஒரு பதில் இருந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் பாதையில் தண்டவாளம் மாற்ற வேண்டுமானால், நினைத்த நேரத்தில் இறங்கிவிட முடியாது. 'லைன் பிளாக்' கேட்டு வாங்க வேண்டும். கண்ட்ரோல் அனுமதி தந்து, ஸ்டேஷன் மாஸ்டர் மூலம் நேரம் குறிக்கப்பட்ட பிறகே வேலை. இரண்டு மணி நேரம் என்று வாங்கினால், அதற்குள் முடித்துப் பாதையைத் திருப்பித் தர வேண்டும். தாண்டினால் 'பிளாக் பர்ஸ்ட்' என்பார்கள். பின்னால் வரும் வண்டிகள் எல்லாம் தாமதமாகும். பாதை இருப்பதே ரயில் ஓடத்தான். நம் வேலை எவ்வளவு முக்கியமானாலும், ரயிலின் நேரத்தைத்தான் நாம் கடன் வாங்குகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய தாளில் கோடு போட்டோம். முதலில் வீட்டின் நேரங்களை எழுதினோம்: பள்ளி வேன், இருவரின் அலுவல், வீட்டுப்பாடம், கோயில், உறவினர் வருகை. மீதியிருந்த இடைவெளியில்தான் பயிற்சி. திங்கள், வெள்ளி காலை ஒரு மணி நேர ஓட்டம். செவ்வாய், வியாழன் காலை நீச்சல் குளம். புதன், வெள்ளி மாலை சைக்கிளை ஸ்டாண்டில் மாட்டி வீட்டிலேயே மிதிப்பது. பக்கத்தில் பேரன் வாய்ப்பாடு சொல்வான். சனிக்கிழமை விடியற்காலை முதல் எட்டரை மணி வரை வெளிவட்டச் சாலை. ஞாயிறு முழுவதும் வீட்டுக்கு.

அதே தாளில் மருமகளுக்கும் இரண்டு பிளாக் போட்டோம். புதன் காலை அவள் நடைக்குப் போவாள். அன்று இட்லியும் டப்பாவும் மகன் பொறுப்பு. சனி மாலை, குழந்தை பிறந்தபோது நின்றுபோன வீணை வகுப்பு. பேரனை வேன் ஏற்றுவது தினமும் என் டூட்டி.

தாளில் எழுதுவது சுலபம். ஒரு சனிக்கிழமை பேரன் பள்ளியில் ஒன்பது மணிக்குப் பெற்றோர் கூட்டம். அன்று பார்த்து, இருபது கிலோமீட்டர் பாக்கி இருக்கையில் டயர் பஞ்சர். ஒட்டிக்கொண்டு மிச்ச தூரத்தையும் முடித்திருக்கலாம். மகன் ஒரு கூட்ஸ் ஆட்டோவில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு எட்டரைக்கு வாசலில் நின்றான். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. சூடாகக் காபி கொடுத்தாள். அதன் பிறகு அவன் கேட்ட நேரத்துக்கு வீட்டில் மறுப்பு வந்ததில்லை.

பெரிய சோதனை நவராத்திரியில் வந்தது. 2024-இல் அது அக்டோபர் 3 முதல் 12 வரை. போட்டிக்கு முந்தைய கடும்பயிற்சி வாரங்களும் அவையே. மைசூரில் தசரா என்றால் ஊரிலிருந்து உறவினர் வராமல் இருப்பார்களா? வீட்டில் கொலு வேறு. மகன் நீண்ட சவாரியை முந்தைய சனிக்கிழமையே முடித்துவிட்டு, அந்தப் பத்து நாளும் காலையில் மட்டும் இலேசான பயிற்சி செய்தான். மாலையில் சுண்டல் விநியோகம்! உழைத்துச் சேர்த்த உடல் தகுதி ஒரு வாரத்தில் கரைந்துவிடாது. இடையிடையே ஒரு வாரத்தை இலேசாக வைக்கச் சொல்வதே பயிற்சியாளர்களின் வழக்கம்.

கோவா மிராமர் கடற்கரைக்கு நாங்கள் ஐவரும் போயிருந்தோம். எட்டு மணி நேரத்துக்குச் சில நிமிடங்கள் முன்பாகவே மகன் முடித்துவிட்டான்.

இதில் இறங்க நினைக்கும் நம் சங்கத்து அன்பர்களுக்குச் சில வார்த்தைகள். நாற்பதைக் கடந்தவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்து இதயப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பெங்களூர் விரைவுச் சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் முதல் இருசக்கர வாகனங்களுக்கும் சைக்கிளுக்கும் தடை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும். காய்ச்சலோ காயமோ வந்து நின்றால், மறுநாளே பழைய வேகத்துக்குப் போகாதீர்கள். வேலை முடிந்த தண்டவாளத்தில்கூட முதல் ரயிலை மெதுவாக விட்டு, படிப்படியாகத்தான் வேகத்தைக் கூட்டுவோம்.

இந்த வருடம் குடும்பம் இடம் தராவிட்டால் அவசரப்படவும் வேண்டாம். ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா எழுபது வயதில்தான் முதல் டிரையத்லானில் இறங்கினார். 2018-இல் 85 வயதில் ஹவாயில் முழு அயர்ன்மேனையும் முடித்தார். போட்டி அடுத்த வருடமும் வரும். குழந்தையின் ஏழாவது வயது திரும்ப வராது.

ஆகவே, போட்டிக்குப் பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் ஒரு தாளை விரியுங்கள். பென்சிலை முதலில் மனைவி கையில், அல்லது கணவர் கையில், கொடுங்கள்.